கண்ணாடி திண்மமா, திரவமா? – கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் சன்னல் கண்ணாடியின் அடிப்பகுதி தடித்திருக்கிறதே, அது பல நூற்றாண்டுகளாக மெல்ல வழிந்து இறங்கியதால்தானே ஐயா?

பதில்: இல்லை. பொருத்தப்பட்ட நாளிலேயே அது அப்படித்தான் இருந்தது. இடைக்காலத்தில் கண்ணாடிக் குழம்பைக் குழலின் நுனியில் எடுத்து ஊதி, அந்தக் குமிழைத் திறந்து, வேகமாகச் சுழற்றித் தட்டாக விரிக்கும் முறை ஒன்று இருந்தது. அவ்வாறு விரிந்த தட்டு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் அமைவதில்லை. அதிலிருந்து வெட்டிய துண்டின் கனத்த விளிம்பைக் கீழே வைத்தால் நிலையாக நிற்கும். மேற்புறமோ பக்கவாட்டிலோ தடித்த துண்டுகளும் பழைய சன்னல்களில் காணப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். கண்ணாடி வழிந்திருந்தால் அவை இருக்கவே முடியாது. துண்டுகளை இணைக்கும் ஈயச் சட்டங்கள்தாம் காலப்போக்கில் தொய்வடைகின்றன.

கேள்வி: மிக மிக மெதுவாகவாவது வழியாதா?

பதில்: 1998இல் பிரேசில் அறிவியலாளர் எட்கர் சனோட்டோ இதைக் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியும் அளவு வழிவதற்குப் பிரபஞ்சத்தின் வயதே போதாது என்று காட்டினார். பின்னர் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற பழைய தேவாலயத்தின் கண்ணாடிச் சேர்மானத்தை ஆய்வகத்தில் உருவாக்கி அளந்தவர்கள், நூறு கோடி ஆண்டுகளில் ஏறத்தாழ 1 நானோமீட்டர்தான் நகரும் என்று கண்டனர். உண்மையில் மெதுவாக வழியும் பொருளைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தாமஸ் பார்னெல் தொடங்கிய சோதனையைப் பாருங்கள். சுத்தியலால் அடித்தால் நொறுங்கும் கீல் (தார் போன்ற கரிய பொருள்), புனலிலிருந்து பல ஆண்டுகளுக்கு ஒரு சொட்டாக விழுகிறது. கண்ணாடியை அந்த வரிசையில் சேர்ப்பது தவறு.

கேள்வி: அப்படியானால் கண்ணாடியை 'மீக்குளிர்ந்த திரவம்' (உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத திரவம்) என்று எங்களுக்கு ஏன் கற்பித்தார்கள்?

பதில்: அதற்கு ஒரு நியாயம் உண்டு. கண்ணாடித் தண்டு ஒன்றைச் சுடரில் காட்டிப் பாருங்கள்: பனிக்கட்டியைப் போல ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அது உருகுவதில்லை, முதலில் சுடர் மஞ்சளாகிறது, பிறகு தண்டு மெல்ல வளைகிறது, அதன்பின் பாகாக இழுபடுகிறது. படிகத்தில் உள்ள ஒழுங்கான அணு அடுக்கு அதில் இல்லை. திரவத்தில் இருந்த ஒழுங்கின்மையே குளிரும்போது அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. ஆனால் பெயரை முடிவு செய்ய அமைப்பு மட்டும் போதாது, நடத்தையையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாதாரணச் சன்னல் கண்ணாடி சுமார் 550 டிகிரி செல்சியசுக்குக் கீழே வந்ததும் தன் வடிவத்தைத் தானே தாங்குகிறது, அடித்தால் உடைகிறது. ஆகவே அதைப் படிகமற்ற திண்மம் என்று அழைப்பதே சரி.

கேள்வி: அறை வெப்பநிலையில் கண்ணாடி சற்றும் மாறுவதே இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. மாறுகிறது, ஆனால் வழிவதில்லை. ஆங்கில இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் தம் வெப்பமானி ஒன்றை 1844 முதல் 1882 வரை கவனித்துவந்தார். அதன் உறைநிலைக் குறி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மேலேறியது. அவசரமாகக் குளிர்ந்த கண்ணாடியின் அணுக்கள் மெல்ல நெருங்கி அமைந்ததால் குமிழ் சுருங்கி, பாதரசத்தைத் தண்டுக்குள் மேலே தள்ளியது. அந்த ஏற்றம் முதல் ஆண்டுகளில் அதிகமாக இருந்து, போகப்போகக் குறைந்தது.