'ஒற்றைப்படை' என்றதும் பிடிபட்டுவிடுகிறதா?

ஒருவர் மனதில் நினைக்கும் எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதிக் காட்டும் வித்தையில், 1 முதல் 50 வரை ஓர் எண், இரண்டு இலக்கமும் ஒற்றைப்படை, இரண்டும் வேறு வேறு என்று நீங்கள் கேட்டதும், "அப்படியென்றால் கொஞ்ச எண்கள்தானே இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சரிதான். மொத்தமே எட்டு எண்கள். '15 மாதிரி' என்று உதாரணம் சொன்னால் ஏழுதான் மிச்சம். அதில் பலர் 37க்குப் போவார்கள், சிலர் 35க்கு.

உங்கள் தப்பு நிபந்தனைகளை விதிமுறை மாதிரி அடுக்கியதில் இருக்கிறது. முதலில் "1 முதல் 50 வரை" என்று மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். அப்புறம், அவருக்கு உதவுகிற தொனியில், "சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கட்டும், இரண்டும் ஒற்றைப்படையாக, வேறு வேறாக... 15 மாதிரி" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, யோசிக்க நேரம் தராமல், "மனதில் வந்ததா? மாற்றாதீர்கள்" என்று முடியுங்கள். வேகம் ரொம்ப முக்கியம். நேரம் கிடைத்தால் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

தாளில் 35 எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் 37 எழுதுங்கள். 35 வந்தாலும், "முதலில் அதைத்தான் எழுதினேன்" எனலாம். காட்டுவதற்கு முன், "1 முதல் 50 வரை ஓர் எண் நினைக்கச் சொன்னேன்" என்று மட்டும் நினைவூட்டுங்கள். ஒற்றைப்படை என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.