செவுள், எலும்பு, பவளம்: கால்சியம் நீக்கம் பற்றிக் கேள்வி பதில்

மண்டபம் மாணவி: விளமீன் செவுளை மைக்ரோடோமில் (திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவி) வெட்டும்போது கிழிகிறது, சார். எதில் ஊறவைக்கலாம், எத்தனை நாள்?

செவுளில் உள்ள கால்சியம்தான் கத்தியைத் தடுக்கிறது, வெட்டுமுன் அதை நீக்க வேண்டும். முதலில் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் ஒரு முழு நாள் பதப்படுத்துங்கள். சரியாகப் பதப்படாத திசு அமிலத்தில் நைந்துவிடும். அப்புறம் கழுவி, 5 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் போடுங்கள். துண்டைப்போல் 20 மடங்காவது திரவம் இருக்கட்டும். துண்டை நூலில் கட்டி நடுவில் தொங்கவிடுவது நல்லது. நாள் கணக்கு சொல்ல மாட்டேன். அடுத்த பதிலில் உள்ள சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

ராமநாதபுரம் ஆய்வக உதவியாளர்: கால்சியம் முழுக்கப் போய்விட்டதா என்று ஊசியால் குத்திப் பார்க்கலாமா, அண்ணா?

குத்தாதீர்கள் தம்பி, அந்த ஓட்டை ஸ்லைடில் தெரியும். துண்டு சில மணி நேரம் ஊறிய அமிலத்தில் 5 மி.லி. எடுத்து, லிட்மஸ் நீலமாகும்வரை அம்மோனியா விடுங்கள். பிறகு நிறைவுற்ற அம்மோனியம் ஆக்ஸலேட் கரைசல் 5 மி.லி. சேருங்கள். கலங்கினால் கால்சியம் இன்னும் வெளியேறுகிறது, அமிலத்தை மாற்றுங்கள். அரை மணி நேரம் கழித்தும் தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம்.

நம் ஊரில் இதற்கு ஒரு வில்லங்கம் உண்டு. கடலோர போர்த் தண்ணீரில் அமிலம் கலந்தால், தண்ணீரில் இருக்கும் கால்சியமே கலங்கலைக் காட்டும். ‘இன்னும் போகவில்லை’ என்று ஊறவைத்துக்கொண்டே இருப்பீர்கள், திசு பாழாகும். கடல்நீரிலும் லிட்டருக்குச் சுமார் 400 மி.கி. கால்சியம் இருக்கிறது. அதனால் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். துண்டு போடாத புது அமிலத்திலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

அதே உதவியாளர்: ஸ்லைடு முழுக்க இளஞ்சிவப்பு. உட்கருவில் நீலமே இல்லை.

அமிலத்தில் அதிக நேரம் இருந்திருக்கிறது. இளஞ்சிவப்புச் சாயமான இயோசின் பிடிக்கும், உட்கருவை நீலமாக்கும் ஹிமடாக்சிலின் பிடிக்காது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அமிலம் வேகமாக வேலை செய்யும். அடிக்கடி பாருங்கள்.

கீழக்கரை ஆய்வாளர்: எலும்பிலிருந்து டி.என்.ஏ.வும் எடுக்க வேண்டும்.

அப்படியானால் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் அமிலம் வேண்டாம், கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் இ.டி.டி.ஏ.தான். 10 முதல் 14 சதவீதம், பி.எச். 7.2 அளவில். தூளைத் தண்ணீரில் கொட்டினால் லேசில் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச்.சை உயர்த்தும்போதுதான் கரையும். கெட்டியான எலும்புக்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

ராமேஸ்வரம் மாணவர்: பவளத்தை அமிலத்தில் போட்டதும் நுரைத்துக்கொண்டு வருகிறது.

அது கார்பன் டை ஆக்சைடு. பவளத்தின் கூடு முழுக்கக் கால்சியம் கார்பனேட் என்பதால், குமிழிகள் மெல்லிய திசுவைக் கிழித்துவிடும். முதலில் அகரோஸில் (ஜெல்லி போல உறையும் பொருள்) பதித்துவிட்டு, இ.டி.டி.ஏ.வில் மெதுவாகக் கரையுங்கள். அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதுதானே? பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறது. கடல் அட்டையும் அப்படியே.

அதே மாணவர்: கடல் அட்டை இனத்தைக் கண்டறியவும் இதே முறையா?

இல்லவே இல்லை. அங்கே தேவைப்படுவதே தோலில் உள்ள சுண்ணாம்பு முட்கள்தான். ப்ளீச்சில் சதையைக் கரைத்து, முட்களைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி நுண்ணோக்கியில் பாருங்கள்.