வாசகர் கேள்வி, நம் பதில்: குன்றும் கோட்டையுமாக ஓர் உலகம்

பழைய பிரெஞ்சு புத்தகம் ஒன்றின் உலக வரைபடத்தைப் படத்தில் பார்த்தேன். வட்டத்துக்குள் குன்று குன்றாக இருக்கிறது, ஒவ்வொன்றின் மேலும் கோட்டையோ ஆளோ! 1488இல் போட்டதாம். அப்போது இவ்வளவுதான் தெரியுமா? – வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் பார்த்தது 'லா மேர் தெ இஸ்த்துவார்', அதாவது 'வரலாறுகளின் கடல்'. பியேர் லெ ரூழ் பாரிசில் அச்சிட்ட இரண்டு தொகுதிகள். உலகப் படைப்பு, அரச வம்சாவளிகள், போப்புகள், புனித பூமியான ஜெருசலேம் பக்கம் போன பயணக் குறிப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கோத்த தொகுப்பு. மூலம் 1475இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் லூக்காஸ் பிராண்டிஸ் அச்சிட்ட லத்தீன் நூல். அதைப் பிரெஞ்சில் தந்து பிரான்ஸ் வரலாற்றையும் சேர்த்துக்கொண்டார்கள், வரைபடத்தையும் புதிதாக மரத்தில் செதுக்கினார்கள்.

தெரியாமல் வரைந்தார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். பழங்காலத்துப் புவியியல் அறிஞர் தாலமியின் வரைபடங்கள் 1477இல் இத்தாலியின் பொலோஞ்ஞாவிலும் 1482இல் ஜெர்மனியின் உல்மிலும் அச்சாகிவிட்டன, அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கோடு. அதே 1488இல்தான் போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தொலோமெயு தியாஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திரும்பினார். ஆனால் இந்தப் புத்தகத்துக்குத் தூரமும் திசையும் வேண்டியதில்லை, எந்த நாட்டில் யார் ஆண்டார், எங்கே என்ன நடந்தது என்பதுதான் வேண்டும், அதனால் நாட்டுக்கு ஒரு குன்று, ரோமில் போப், நடுவில் புனித பூமி, அடியில் ஹெர்குலிஸ் தூண்கள், அதாவது ஜிப்ரால்டர் நீரிணை. கப்பலோட்ட உதவாது, சரி. வரலாறு படிக்கிறவனுக்கு இது படம் போட்ட பொருளடக்கம், என்னைக் கேட்டால் அந்த வேலையைத் தாலமியை விட நன்றாகவே செய்கிறது.

அதில் இந்தியா எங்கே இருக்கிறது? – வாசகி, திருச்சி

மேலே பாருங்கள். கிழக்கை உச்சியில் வைத்த படம் இது, நாம் பழகிய மாதிரி வலப்பக்கம் தேடினால் கிடைக்காது. உச்சியில் மதில் சூழ்ந்த ஏதேன் தோட்டம், உள்ளே இரண்டு பேர், அங்கிருந்து ஆறுகள் இறங்குகின்றன. இந்தியா அந்தச் சொர்க்கத்தின் அக்கம்பக்கத்தில்தான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்க இன்னும் பத்து வருஷம் இருந்தது, அதுவரை அவர்களுக்கு நாம் சொர்க்கத்தின் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

இந்தப் புத்தகம் இப்போது கிடைக்குமா? – வாசகர், சேலம்

மிக அபூர்வம். எட்டாம் சார்லஸ் மன்னருக்காகத் தோலில் அச்சிட்ட பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஒரு குழப்பம் உண்டு: இரண்டாம் தொகுதியின் கடைசியில் பிப்ரவரி 1488 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அன்று பாரிசில் ஈஸ்டருக்குத்தான் வருஷம் பிறக்கும், நம் கணக்கில் அது 1489. அப்புறம், வரைபடம் இரண்டு பக்கத்துக்கு விரியும், ஒவ்வொரு பாதிக்கும் தனி மரக்கட்டை. இந்த மாதிரிப் பழைய நூல்களில் வரைபடத்தை மட்டும் உருவி விற்றுவிடுவது வழக்கம் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அது இருக்கிறதா என்றுதான் புரட்டிப் பார்ப்பார்கள்.