ஐந்தாம் மாடிக்கு எந்த நாய்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியில், ஐந்தாம் மாடியில், இரண்டு அறை வீடு. நானும் கணவரும் காலை ஏழரைக்கு வேலைக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. பகலில் வீட்டில் இருப்பவர் 73 வயதான என் அம்மா மட்டும். அவருக்கு முழங்கால் வலி உண்டு, முன்கோபம் உண்டு, நாய் மீது பிரியமும் உண்டு. மகன் ஹஸ்கி கேட்டு அடம்பிடிக்கிறான். 'பக்' வாங்குவோம், சின்னது, சத்தம் போடாது என்கிறார் கணவர். எந்த இனம் பொருந்தும்?"

இரண்டும் வேண்டாம். அவசரமாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டின் சதுர அடியைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். சின்ன வீடு, ஆகவே சின்ன நாய் என்று ஒரு கணக்கு. மிருக வைத்தியராக இத்தனை வருடம் இருந்த பிறகு அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிரேட் டேன் ஐம்பது, அறுபது கிலோ எடை இருக்கும். காலையும் மாலையும் நடந்துவிட்டு வந்தால் மிச்சப் பொழுதை சோபாவில் படுத்தே கழித்துவிடும். ஜாக் ரசல் டெரியர் ஆறேழு கிலோதான். ஆனால் நரியை வளைக்குள் துரத்திப் பிடிக்கவென்று உருவாக்கிய நாய் அது. உங்கள் வரவேற்பறையில் நரி இல்லாத குறையை மெத்தையிடமும் செருப்பிடமும் தீர்த்துக்கொள்ளும். கொழும்புத் தொடர்மாடியில் நான் பார்ப்பது மூன்று: வெக்கையைத் தாங்குமா, அண்டை வீட்டார் தாங்கும் அளவுக்குக் குரைக்குமா, நாளுக்கு மூன்று தடவை அதைக் கீழே கொண்டுபோகப் போவது யார்?

வெக்கையில் தொடங்குகிறேன். நாய்க்குப் பாதங்களில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். உடல் சூட்டைத் தணிக்க அது போதாது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு வாங்கும்போது நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாகி, சூட்டையும் கொண்டுபோகிறது. வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் அது எப்படி ஆவியாகும்? மழைநாளில் பல்கனிக் கொடியில் துணி காயாமல் கிடக்கிறதே, அதே காரணத்தால்தான் இங்கே நாய் ஓயாமல் இளைக்கிறது. கொழும்பில் வருடம் முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியே இருக்கும். நாய்க்கு இளைப்பாறக் குளிர்காலம் என்று ஒன்று வருவதில்லை.

பக் நாயின் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. மேல்வாயின் பின்பக்கத்து மென்சதையான மென்னண்ணம் நீண்டு தொண்டைக்குள் தொங்குகிறது. மூக்குத் துவாரம் நகக்கீறல் போலச் சுருங்கியிருக்கிறது. அது விடும் குறட்டையைக் கேட்டுச் சிரிக்கிறோம். அந்த நாய் மூச்சுக்குப் படும் பாடு அது. நெதர்லாந்தில் 2019 முதல், தலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மூக்கு இல்லாத நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். குளிர்நாட்டிலேயே இந்த நிலைமை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதே, அந்தக் கிழமை ஒரு பிற்பகலில் ஒரு பையன் பக் ஒன்றைக் கைகளில் ஏந்திக்கொண்டு வந்தான். பம்பலப்பிட்டியில் ஏழாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. படியிறங்கி, ஓட்டோ தேடிப் பிடித்து வந்திருக்கிறான். நாயின் நாக்கு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வெப்பமானி 41.8 காட்டியது, நாய்க்கு 38.3 முதல் 39.2 வரைதான் இயல்பு. நல்ல எண்ணத்தில் ஈரக் குளியல் துவாய் ஒன்றால் அதை இறுக்கிச் சுற்றியிருந்தான். சூடு வெளியேறவிடாமல் அடைத்துவைத்ததும் அந்தத் துவாய்தான். அதை உருவி எறிந்துவிட்டு, குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, பத்திரிகைத் தாளால் மாறி மாறி விசிறினோம். என் சிகிச்சை அறையிலும் அப்போது மின்சாரம் இல்லை. அந்த நாய் பிழைத்தது. இரண்டு நாள் கழித்து வந்த இன்னொன்று பிழைக்கவில்லை. (வீட்டில் ஏற்கெனவே தட்டை மூக்கு நாய் வைத்திருப்பவர்களுக்கு: முதலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு வைத்தியரிடம் ஓடுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.) பிரெஞ்ச் புல்டோக், பெக்கினீஸ் எல்லாம் இதே ரகம். ஷிட்ஸுவும் அந்தக் குடும்பம்தான். முடியைக் கட்டையாக வெட்டி, ஏசி அறையில் வைத்துச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரப் பட்டியலைக் கட்டுவதும் அவர்கள்தான்.

ஹஸ்கி பற்றி மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1925இல் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் டிப்தீரியா என்ற தொண்டை நோய் பரவியபோது, 20 வண்டிக்காரர்கள் நாய்கள் இழுத்த பனிவண்டிகளில் மருந்தை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டு, 1,000 கிலோமீற்றருக்கு மேல் ஆறு நாள்கூட ஆகாமல் கடந்தார்கள். அந்த நாய்களில் சைபீரிய ஹஸ்கிகளும் இருந்தன. அப்படி ஓடப் பிறந்ததை மரைன் டிரைவில் கொள்ளுப்பிட்டி வரை நடத்திக்கொண்டு வந்தாலும், வீட்டு வாசலில் நின்று "அடுத்து எங்கே?" என்றுதான் பார்க்கும். பதில் கிடைக்காவிட்டால் ஊளையிடும். அதன் தோலில் இரண்டு அடுக்கு முடி. வெக்கைக்கு நல்லது என்று மொட்டையடிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருகிறார்கள்; வெயில் தோலைச் சுடும், முடி முன்புபோலத் திரும்ப வளராமலும் போகலாம். மறுத்து அனுப்பிவிடுவேன்.

இனி உங்கள் அம்மா. கடிதத்தில் அவருக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பத்து மணி நேரம் நாயோடு இருக்கப் போவது அவர்தான். வளர்ந்த லாப்ரடோர் முப்பது கிலோவைத் தாண்டும். லிஃப்ட் கதவு திறந்ததும் அது ஒரு பூனையைப் பார்த்தால், வார் பிடித்த கையோடு அம்மாவும் போவார். (அந்த நாய் சமையலறையை விட்டு நகராது என்பது வேறு கதை. லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவிலேயே பழுது இருப்பதாக 2016இல் கண்டறிந்தார்கள்.) அதற்காக இரண்டு கிலோ நாயும் வேண்டாம். சேலைக் கரைக்குள் ஓடி, காலுக்குள் சிக்கி, முதியவர்களை விழுத்தி இடுப்பெலும்பை முறிக்கக்கூடியவை அந்தச் சின்னஞ்சிறுசுகள். அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிற உயரமும், கையால் பிடித்து நிறுத்தக்கூடிய எடையும் வேண்டும். பத்து முதல் பதினான்கு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியா, வளர்ந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்கோ இனத்தைவிட அதுதான் பெரிய கேள்வி. மூன்று மாதக் குட்டி பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. விழித்து விளையாடினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தரையோடு வீடு என்றால் கதவைத் திறந்து முற்றத்தில் விட்டுவிடலாம். உங்களுக்கோ லிஃப்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும், குட்டி காத்திருக்காது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தடுப்பூசிகள் முழுமையாக ஏறி முடிவதற்குள் குட்டிக்கு நாலு மாதம் ஆகிவிடும். அதுவரை ஊர் நாய்கள் நடமாடும் தெருவோரத்தில் அதை இறக்கிவிட முடியாது. குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்காகக் கிடந்து தொற்றும். ஆகவே முதல் இரண்டு மாதம் பத்திரிகைத் தாள் விரித்த குளியலறைதான் அதற்குக் கழிப்பறை. அந்தத் தாளைக் குனிந்து எடுக்கப் போவது முழங்கால் வலிக்காரர்.

அதனால் என் முடிவு: ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் இருக்கும், கருத்தடை செய்த, கட்டை முடி உள்ள ஒரு பெண் நாய். இனம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஊர் நாயையே எடுங்கள். நீண்ட மூக்கு, ஒட்டிய முடி, வெக்கைக்கென்றே அளவெடுத்த உடம்பு. எடையும் நான் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில் வரும். ஆனால் தெருவிலிருந்து நேராகத் தூக்கி வந்துவிடாதீர்கள். காலி வீதியில் ராஜாவாகத் திரிந்ததற்கு ஐந்தாம் மாடி சிறைதான். நாள் முழுவதும் கதவைப் பிராண்டும். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கைவிடப்பட்ட நாய்களைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்து, பிறகு தத்துக் கொடுக்கும் தனியாட்கள் பலர் இருக்கிறார்கள். லிஃப்ட், மின்விசிறி, பிரஷர் குக்கர் சத்தம், சின்னப் பிள்ளைகள் எல்லாம் பழகியதா என்று அவர்களிடம் வாய்விட்டுக் கேட்கலாம். குட்டி விற்கிறவரிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. குட்டிக்கே இன்னும் தெரியாதே.

இல்லை, இன நாய்தான் வேண்டும் என்று வீட்டில் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டதா? மற்றவற்றைச் சுருக்கமாகத் தள்ளிவிடுகிறேன். பொமரேனியன்: இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் செல்லப்பிள்ளை, ஆனால் பக்கத்து வீட்டு மணிக்கும் பதில் சொல்லும். விளம்பரங்களில் வரும் 'லயன்' பொமரேனியன் தனி இனமில்லை; அந்தச் சொல்லுக்கு ஒரு விலை, அவ்வளவுதான். பீகிள்: மோப்பம் பிடித்தால் காது கேட்காது, தனியே விட்டால் கட்டிடமே கேட்கும். அல்சேஷனை இரண்டறை வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். டாஷ்ஹண்ட் ஒன்றைத்தான் அரை மனதோடு ஒப்புக்கொள்வேன். வெக்கையைத் தாங்கும், பிள்ளைகளோடு ஒட்டும், தூக்கிக்கொள்ளவும் முடியும். நீண்ட முதுகு அதன் பலவீனம். சோபாவிலிருந்து குதிக்கவிடக் கூடாது, லிஃப்ட் பழுதானால் ஐந்து மாடியும் தூக்கித்தான் இறக்க வேண்டும். குரைப்பது உடம்பைவிடப் பெரிய நாயின் குரலில்.

எதை எடுத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் கட்டிடத்தின் முகாமைத்துவக் குழுவிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும். வாயால் "பரவாயில்லை" என்றவர் அடுத்த வருடம் அந்தப் பதவியில் இருக்கமாட்டார். நானே முன்பு குடியிருந்த ஒரு தொடர்மாடியில், புதிய குழு வந்து மூன்று மாதத்தில் என் கிழட்டு நாயோடு வேறு வீடு தேடினேன். விசர்நாய் நோய்த் தடுப்பூசி வருடாவருடம் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மாநகர சபையில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் நம் நாட்டுக்கு 1901இலேயே வந்துவிட்டது.

பல்கனியை நாயின் கழிப்பறை ஆக்காதீர்கள். தொடர்மாடிகளில் நாய்க்காக நடக்கும் சண்டைகளில் குரைப்புக்கு இரண்டாம் இடம்தான். நீங்கள் கழுவிவிடும் தண்ணீர் நாலாம் மாடிக்காரரின் துணியில் சொட்டுவதுதான் முதலாவது. கம்பி இடைவெளிக்கு வலை அடியுங்கள். நடை காலை ஆறரைக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் இருக்கட்டும். இடையில் போக நேர்ந்தால் புறங்கையைத் தார் வீதியில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. திரும்பி வந்ததும் காதின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை மகனுக்குக் கொடுங்கள். இங்கே உண்ணிக் காய்ச்சல் ஊர் நாயா, இன நாயா என்று பார்ப்பதில்லை. அம்மா சாப்பாட்டில் மிச்சம் போடுவார், தடுக்க முடியாது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள். பருப்புக் கறியும் சொதியும் அதனால்தான் வேண்டாம். சாமி அறை வாசலுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு படலை போட்டால் அவருடைய மற்றக் கவலையும் தீரும்.

பாடசாலை விடுமுறை தொடங்கும் கிழமையில் நாயை அழைத்து வாருங்கள், முதல் நாட்களில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். தேர்ந்தெடுக்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை ஒரு கதிரையில் இருத்தி, கையில் ஒன்றும் கொடுக்காமல் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். நாய் வந்து மோந்துவிட்டு அவர் காலடியில் படுத்துக்கொண்டால் அங்கேயே பேசி முடித்துவிடலாம். மடிக்குப் பாய்ந்து சேலையை இழுத்தால், மகன் எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்ததைப் பாருங்கள்.