ஸ்ரென்ட் வைத்ததை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது, கணவருக்கு 71. இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வருகிற ஓகஸ்ட் மாதம் லண்டனில் இருக்கும் மகன் குடும்பத்தோடு கென்யா போய், மசாய் மாராவில் சிங்கம், யானை பார்க்கலாம் என்று ஏற்பாடு. அவர்கள் அங்கிருந்து வருவார்கள், நாங்கள் கொழும்பிலிருந்து போய் நைரோபியில் சேர்ந்துகொள்வோம். கணவருக்குச் சலரோகம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் இருதயத்துக்கு ஸ்ரென்ட் வைத்தது. ரிக்கெற் எடுத்த இடத்திலேயே பயணக் காப்புறுதியும் போட்டுத் தருகிறார்களாம். "ஸ்ரென்ட் கதையை எடுத்தால் காசைக் கூட்டிப்போடுவார்கள், பேசாமல் இரு" என்கிறார் கணவர். மகனோ, தன்னுடைய லண்டன் காப்புறுதியே எல்லோருக்கும் போதும், ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டுவேன் என்கிறான். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் 9, 6 வயது. எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– கோண்டாவில் வாசகி

பதில்:

அன்பின் அக்கா,

உங்கள் மனம் ஒப்பாதது நியாயம்தான், இரண்டு விஷயத்திலும். முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுக்கிறேன். ஆபத்து அதில்தான் கூட.

காப்புறுதி எடுக்கும்போது பெரும்பாலும் யாரும் துருவித் துருவிக் கேட்பதில்லை. படிவத்தில் நாலைந்து கேள்வி, ஆம் அல்லது இல்லை, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். துருவுவதெல்லாம் காசு கேட்டுப் போகும்போது. நைரோபியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்தால், வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "முன்பு இருதயத்துக்கு ஏதாவது செய்ததா?" என்பதாகத்தான் இருக்கும். உங்கள் கணவர் உண்மையைச் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். அது அங்கே பதிவாகும். படிவத்தில் "இல்லை" என்றும் ஆஸ்பத்திரித் தாளில் "ஆம்" என்றும் இருந்தால், காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். நெஞ்சு நோவுக்கு மட்டும்தான் அப்படி என்று நினைக்காதீர்கள். முக்கியமான நோயை மறைத்திருந்தால் முழு ஒப்பந்தமும் செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடமுண்டு. குளியலறையில் வழுக்கிக் கால் முறிந்தாலும் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஓய்வூதியச் சேமிப்பையே பணயம் வைக்கிற வேலை இது.

ஆகவே, பெரியாஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியைக் கையில் எடுங்கள். ஸ்ரென்ட் வைத்த திகதி, கடைசி ஆறு மாதச் சீனி அளவு, இப்போது குடிக்கிற குளிசைகளின் பெயர், அளவு எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து, படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு அத்தாட்சியும் வாங்கி வையுங்கள். அப்புறம் ஒரேயொரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "ஏற்கனவே உள்ள இந்த வருத்தங்கள் பயணத்தில் திடீரென்று கூடினால் நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" சில நிறுவனங்கள் ஒன்றும் தராது. சில, உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு மட்டும், ஒரு எல்லை வரை தரும். சில கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கும். 70 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணம் ஏறுவதும், மருத்துவ அறிக்கை கேட்பதும் வழக்கம். வாயால் சொன்ன பதிலை நம்ப வேண்டாம். மின்னஞ்சலிலோ தாளிலோ வரட்டும்.

ரிக்கெற் எடுத்த இடத்தில் தருகிற காப்புறுதி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் பொதுவான ஒன்று. அதன் கைநூலை வீட்டுக்குக் கொண்டுவந்து, "இவற்றுக்குப் பணம் தரப்படமாட்டாது" என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். பரீட்சைத் தாள் திருத்தினவர்கள் நீங்கள், உங்களுக்கு இது பெரிய வேலையில்லை. இன்னொன்று, உலகம் முழுவதற்கும் ஒரு விலை, அமெரிக்காவும் கனடாவும் சேராமல் வேறு விலை என்று பிரித்திருப்பார்கள். நீங்கள் கென்யாவுக்குத்தான் போகிறீர்கள். இரண்டாவது போதும். மிஞ்சுகிற காசை மருத்துவத் தொகையைக் கூட்டப் பயன்படுத்துங்கள். தொலையும் பெட்டிக்கும் பிந்தும் விமானத்துக்கும் எவ்வளவு தருவார்கள் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது, புல்வெளி நடுவிலிருந்து நோயாளியை நைரோபிக்குத் தூக்கிக்கொண்டு வரும் செலவு அதில் இருக்கிறதா என்பதை. மாராவிலிருந்து நைரோபிக்கு வீதியால் ஏறக்குறைய 270 கிலோமீற்றர். கோண்டாவிலிலிருந்து அநுராதபுரம் போவதை விடக் கூடுதலான தூரம். நெஞ்சு நோவோடு அந்த வீதியில் ஐந்தாறு மணித்தியாலம் போக முடியாது. அதனால்தான் அங்கே சிறிய விமானத்தில் ஏற்றி வருவார்கள். மாராவில் அதற்கான சின்னச் சின்ன ஓடுபாதைகள் பல இருக்கின்றன. நைரோபி வில்சன் விமான நிலையத்தை மையமாக வைத்து அம்ரெஃப் என்ற அமைப்பின் பறக்கும் வைத்தியர் சேவை 1957 முதல் இதைச் செய்துவருகிறது. சுற்றுலாப் பயணிகள் சில நாட்களுக்கு மட்டும் அதில் சந்தா சேரலாம். சேர்வது நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அவர்கள் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதோடு அந்தச் சந்தாவின் வேலை முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்குக் காப்புறுதிதான் வேண்டும். அந்தக் காப்புறுதியின் 24 மணிநேர அவசர இலக்கத்துக்கு முதலில் அழைத்துச் சொல்லாமல் விமானம் கூப்பிட்டால் பல நிறுவனங்கள் காசு தராது. அந்த இலக்கத்தை ஒரு மட்டையில் எழுதி, உங்கள் கைப்பையில் ஒன்று, அவருடைய சட்டைப் பையில் ஒன்று, மகனிடம் ஒன்று என்று வையுங்கள். ஃபோனில் மட்டும் இருந்தால் காட்டில் சார்ஜ் போன நேரத்தில்தான் தேவைப்படும்.

இனி மகன். லண்டனில் எடுக்கிற பயணக் காப்புறுதி அநேகமாக அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் கோண்டாவிலில் வசிப்பவர்கள். அவனுடைய காப்புறுதி அவனையும் மனைவி பிள்ளைகளையும் பார்க்கும், உங்களைப் பார்க்காது. பிள்ளை அன்பில்தான் சொல்கிறான், ஆனால் அன்பை வைத்துக் காப்புறுதிக் காசு எடுக்க முடியாது. அவன் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அப்பாவுக்குச் சுகமில்லாமல் போய் எல்லோரும் பயணத்தை நிறுத்த வேண்டி வந்தால், அவனுடைய நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருமா? நெருங்கிய உறவினருக்கு முன்பே இருந்த நோய் காரணமாகப் பயணம் நின்றால் தரமாட்டோம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். ஐந்தாறு பக்கம் தள்ளிச் சின்ன எழுத்தில் இருக்கும். தேடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இங்கேயிருந்து போகும்போது அந்தத் தடுப்பூசியைக் கென்யா கேட்காது. திரும்பி வரும்போது இலங்கை கேட்கும். ஊசி கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடுவார்கள். போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் அத்தாட்சிப் பத்திரம் செல்லும். ஆகவே விமானம் ஏறப் போகிற போக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது, கொழும்புக்குத் தனியாக ஒருதரம் போய்வர வேண்டும். அதைவிட முக்கியம், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியால் பாரதூரமான பக்க விளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூட. உங்கள் இருவருக்கும் போடலாமா என்று முதலில் உங்கள் வைத்தியர் தீர்மானிக்கட்டும். போடக்கூடாது என்றால் அதற்கு வைத்தியக் காரணம் காட்டும் கடிதம் தருவார்கள். இதைத் தீர்த்த பிறகு மற்ற முற்பணங்களைக் கட்டுங்கள்.

மலேரியாவும் அப்படித்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. நம்முடைய இளைய வைத்தியர்கள் பலர் அந்த நோயாளியைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்கள். மாராவில் அது இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களுக்கு மலேரியாத் தடை இயக்கம் தடுப்புக் குளிசையை இலவசமாகவே தருகிறது, யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. அங்கே போகும்போது ஸ்ரென்ட் வைத்தவர் என்பதையும் மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். எல்லாக் குளிசையும் எல்லா இருதயத்துக்கும் ஒத்துவராது. வந்து பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், டெங்கு என்று நினைத்துப் படுத்திருக்காமல், "ஆபிரிக்கா போய் வந்தோம்" என்பதை முதல் வசனமாகச் சொல்லி இரத்தம் சோதியுங்கள்.

இப்போது ஜீப். நான் நேரே சொல்கிறேன், சாரதியோடு வாகனம் எடுங்கள். கென்யாவிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், ஆகவே மகனுக்கு வீதி பழகுவது கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில். நைரோபியிலிருந்து பெரும் பிளவுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை செங்குத்து, முன்னும் பின்னும் பாரவூர்திகள். மாராவுக்குள் கறுத்தக் களிமண். முருங்கன் பக்கத்து வயலில் மழைக்குப் பிறகு செருப்போடு நடந்திருந்தால் அது எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓகஸ்டில் பெருமழைக் காலமில்லை, என்றாலும் மாராவில் பின்னேரத்தில் திடீரென்று கொட்டும். சில்லுப் புதைந்தால் இறங்கித் தள்ள முடியாது, சரணாலயத்துக்குள் நினைத்த இடத்தில் இறங்கவும் விடமாட்டார்கள், இறங்கவும் கூடாது. புல்லுக்குள் என்ன படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அங்கத்தைய சாரதிகள் ஒருவரோடு ஒருவர் ரேடியோவில் கதைத்து, சிறுத்தை எந்த மரத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்வார்கள். தானே ஓட்டுகிற மகன் வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஓகஸ்டில் பக்கத்துத் தன்சானியாவின் செரங்கெற்றிப் புல்வெளியிலிருந்து, மாடு போலிருக்கும் வில்டபீஸ்ட் என்ற மான்கள் இலட்சக்கணக்கில் வந்து மாரா ஆற்றைக் கடக்கிற காலம். தன் பிள்ளைகளோடு சேர்ந்து அதை அவனும் பார்க்கட்டுமே.

வாடகைக் காரின் காப்புறுதியில் நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் யால பார்க்கப் போக, தெற்கில் ஒரு இடத்தில் கார் வாடகைக்கு எடுத்தோம். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்றார்கள், நிம்மதியாகக் கையெழுத்து வைத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது இருட்டிவிட்டது. ஒரு பெடியன் ரோச் லைற்றோடு குனிந்து, பின்பக்க ரயரின் ஓரத்தில் விரலளவு வெட்டு ஒன்றைக் காட்டினான். எடுக்கும்போது அது இருந்ததா இல்லையா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. பார்க்கவில்லை, படம் எடுக்கவும் இல்லை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்கள். ரயர், கண்ணாடி, அடிப்பாகம், கூரை நான்கும் காப்புறுதிக்கு வெளியே. முற்பணத்தில் பாதி போனது. காட்டுப் பாதையில் அடிபடுவது அந்த நாலும்தானே, அக்கா.

கென்யாவிலும் இதே நாலைத்தான் கேட்க வேண்டும். மகன் பிடிவாதமாகத் தானே ஓட்டுவேன் என்றால், அவனுடைய பயணக் காப்புறுதி காரின் சேதத்துக்கு அநேகமாக ஒரு சதமும் தராது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளட்டும். வாடகை நிறுவனத்தின் காப்புறுதியிலும் சேதத்தில் முதல் இத்தனை டொலரை நீங்களே கட்ட வேண்டும் என்று ஒரு எல்லை இருக்கும். வண்டி புரண்டால் அந்த எல்லை எவ்வளவு என்று தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

சாரதியோடு எடுத்தாலும் கேட்க வேண்டியவை உண்டு. இங்கே விமான நிலையத்துக்கு வான் பிடிக்கும்போது, "டிரைவர் ராத்திரி நித்திரை கொண்டவரோ?" என்று கேட்கிற ஆள்தானே நீங்கள். அதே மாதிரி. வாகனம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவதற்குக் காப்புறுதி செய்யப்பட்டதா, இருக்கும் ஆறு பேருக்கும் யன்னலோரமும் இருக்கைப் பட்டியும் இருக்கிறதா, மேற்கூரை திறக்குமா, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் விலைக்குள் அடங்குமா? நுழைவுக் கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள். 2024 நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டு வயது வந்தவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200 அமெரிக்க டொலர், அதுவும் 12 மணித்தியாலத்துக்கு. மூன்று நாள் நின்றால் உங்கள் இருவருக்கும் மட்டும் 1,200 டொலர். மலிவாகச் சொல்கிற விலையில் இது இருக்காது.

கடைசியாகப் பெட்டி கட்டுகிற விஷயம். மருந்தெல்லாம் கைப்பையில், கிளினிக் கொப்பியின் பிரதியோடு. பொலித்தீன் பைகளைக் கென்யா 2017இலேயே தடைசெய்துவிட்டது. ஆகவே மகன் வீட்டுக்கு என்று பொலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கும் மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் இந்தத் தடவை வீட்டிலேயே விடுங்கள். பருத்தித்துறை வடையை மட்டும் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு எடுத்துப் போங்கள், விடியற்காலை ஆறு மணிக்கே ஜீப்பில் ஏறும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் பசிக்கும்.