நேயரைத் தேடிப் போதல்: பொட்காஸ்ட் செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பொட்காஸ்ட், அதாவது இணையவழி ஒலி நிகழ்ச்சி, செய்வோரிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒலிவாங்கி, பதிவுக் கருவி பற்றிய கேள்விகளை இம்முறை விட்டுவிட்டேன். பதிவு செய்ததைக் கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதைப் பற்றியவை மட்டுமே இவை.

விவசாயம் பற்றி இதுவரை 14 நிகழ்ச்சிகள் வெளியிட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் நாற்பது பேர் வரைதான் கேட்கிறார்கள். முகநூலில் பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா? (மல்லாவி)

இப்போதைக்கு வேண்டாம். முகநூலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைவிட்டு வெளியேறி, இன்னொரு செயலியைத் திறந்து, அரைமணி நேரம் இருந்து கேட்பது அரிது. நீங்கள் கட்டும் பணம் இணைப்பைத் தொட்டவர்களின் தொகையைக் கூட்டலாம். நேயர்களைக் கூட்டுவது கடினம். அதற்கு முன், இருக்கின்ற நாற்பது பேரும் எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். பொட்காஸ்ட் கேட்கும் செயலிகளான ஸ்பொட்டிஃபையும் அப்பிள் பொட்காஸ்ட்ஸும் நிகழ்ச்சி நடத்துபவருக்கு அதை ஒரு வரைபடமாகக் காட்டுகின்றன. தரவிறக்க எண்ணிக்கை மட்டும் போதாது. இணைய விளம்பரத் துறையின் அமைப்பான ஐ.ஏ.பி. வகுத்து, பரவலாகப் பின்பற்றப்படும் அளவீட்டு விதியின்படி ஒரு நிமிட ஒலிக்குரிய தரவு இறங்கிவிட்டாலே அது ஒரு தரவிறக்கமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். இறக்கியவர் கேட்டாரா என்பதை அந்த எண் சொல்லாது.

நீங்கள் அனுப்பிய மூன்று நிகழ்ச்சிகளையும் முழுமையாகக் கேட்டேன். வணக்கம், அனுசரணையாளருக்கு நன்றி, சென்ற வாரம் பேசியதன் சுருக்கம் என்று நான்கு நிமிடங்கள் கழிந்த பின்புதான் நீங்கள் வயலுக்குள் இறங்குகிறீர்கள். ஆனால் உள்ளே இருப்பது அருமையான விடயம். அறக்கொட்டிப் பூச்சி விழுந்த வயலில் தண்ணீரை வடியவிடுவதைப் பற்றி அந்தப் பெரியவர் தன் அனுபவத்திலிருந்து சொல்லும் பகுதியை நான் இரண்டு தடவை கேட்டேன். அது பத்தொன்பதாவது நிமிடத்தில் வருகிறது. அவருடைய குரலில் அந்த ஒரு வசனத்தை எடுத்து நிகழ்ச்சியின் முதல் வசனமாக வையுங்கள். வணக்கமும் நன்றியும் பின்னால் வரட்டும். தலைப்பையும் மாற்றுங்கள். 'நிகழ்ச்சி 11 – நெற்செய்கை' என்ற தலைப்பைத் தேடி ஒருவரும் வரமாட்டார். 'இரணைமடுவின் கீழ் இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர்?' என்றிருந்தால், இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அதை முடிவுசெய்யும் கூட்டத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு கமக்காரருக்கும் அது தன்னுடைய கேள்வி.

நாற்பது பேர் என்பதைச் சிறிதாக எண்ணவும் வேண்டாம். கமக்கார அமைப்பின் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தால் நல்ல கூட்டம் என்றுதான் சொல்வோம். அவர்களில் ஐந்து பேருடன் நேரில் பேசி, இந்த நிகழ்ச்சியை யாருக்குச் சொன்னீர்கள், சொல்லவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதில்கள் விளம்பரத்தைவிடப் பயன் தரும்.

எங்கள் ஊரில் பலர் டேட்டா முடிந்துவிடும் என்று கேட்பதில்லை. நிகழ்ச்சியை வட்ஸ்அப்பில் கோப்பாகவே அனுப்பலாமா? அனுப்பினால் கணக்கில் வராதே? (புதுக்குடியிருப்பு)

அனுப்புங்கள். கணக்கில் வராது என்பது உண்மை. ஆனால் கணக்கில் வராத நேயரும் நேயர்தான்.

இதை நான் கண்கூடாகக் கண்டது முழங்காவிலில், என் சித்தியின் வீட்டில். என் நிகழ்ச்சியின் இணைப்பை அவருக்கு அனுப்பிவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இணைப்பைத் தொட்டார். செயலியை நிறுவச் சொல்லி ஒரு பக்கம் வந்தது. திரும்பி வந்து மறுபடி தொட்டார். மறுபடியும் அதே பக்கம். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீயே சொல்லு தம்பி, என்ன கதைச்சனீ?" என்றார். அன்று மாலையே அந்த நிகழ்ச்சியைக் கோப்பாக அனுப்பினேன். அடுத்த நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தது.

அளவைக் கவனியுங்கள். பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சியை ஸ்டீரியோவாக வைத்திருக்கத் தேவையில்லை. மோனோவாக (ஒற்றை ஒலித்தடமாக), விநாடிக்கு 64 கிலோபிட் எம்பி3 கோப்பாக மாற்றினால் அரைமணி நேரம் ஏறத்தாழ 14 மெகாபைட்டுக்குள் அடங்கும். 128 கிலோபிட்டில் அது அப்படியே இரட்டிப்பாகும். பேச்சுக் குரலில் இந்த வேறுபாட்டைச் சாதாரண ஃபோனில் கேட்பவர் உணர்வது கடினம். கோப்பின் பெயரிலும், ஒலியின் தொடக்கத்திலும் முடிவிலும் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கோப்பு கைமாறும்போது நீங்கள் அதனுடன் எழுதிய குறிப்பு பெரும்பாலும் கூடப் போகாது. குரலில் உள்ள பெயர்தான் போகும்.

அனுப்பும் வழியையும் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் (broadcast list) 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் ஃபோனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போகும். குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்றாலும், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நிகழ்ச்சி புதைந்துவிடும். ஒருவரின் இலக்கம் மற்றவர்களுக்குத் தெரிவதால் பெண்கள் பலர் சேரவும் தயங்குவார்கள். 2023இல் உலகெங்கும் திறக்கப்பட்ட வட்ஸ்அப் சனல் வசதியில் பின்தொடர்பவர்களின் இலக்கங்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. எனது தெரிவு அதுதான். பல கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்ற கட்டுப்பாடும் 2020 முதல் இருக்கிறது. ஆகவே ஒரே கோப்பு ஊரெல்லாம் தானாகப் பரவும் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு ஊரிலும் தன் சொந்தக்காரருக்கு அனுப்பக்கூடிய ஒருவரைத் தேடுங்கள்.

யூடியூப்பில் மட்டும் போட்டால் போதாதா? எல்லோரும் அங்கேதானே இருக்கிறார்கள்? (கிளிநொச்சி)

யூடியூப்பில் கட்டாயம் போடுங்கள். அங்கே மட்டும் போடாதீர்கள். யூடியூப் செயலியில் கட்டணச் சந்தா இல்லாதவர் திரையை அணைத்தால் ஒலி நின்றுவிடும். ஃபோனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறவருக்கும், உழவு இயந்திரத்தில் இருப்பவருக்கும் அது உதவாது. கூகிள் பொட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டபோது, சொந்தமாக ஆர்.எஸ்.எஸ். ஓடை (RSS feed, புதிய நிகழ்ச்சிகளைச் செயலிகள் எடுத்துக்கொள்ளும் இணைய முகவரி) வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சிகள் மற்றச் செயலிகளில் வழமைபோல வந்துகொண்டிருந்தன. கடை மூடலாம், ஓடை உங்கள் கையில் இருந்தால் நேயரை வேறு கடைக்கு அழைத்துச் செல்லலாம்.

நிகழ்ச்சிக் குறிப்பைக் கணினியில் தமிழில் தட்டச்சு செய்து ஒட்டினால், செயலியில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது. (வவுனியா)

நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்கள். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பழைய எழுத்துரு அது. அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பின்பு ஒட்டுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. தேடும் இயந்திரத்துக்கும் அந்தப் பாமினிக் குறிப்பு பொருளற்ற எழுத்துக் குவியல்தான், ஆகவே பழைய நிகழ்ச்சிகளின் குறிப்புகளையும் திருத்துங்கள். எம்மவரில் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவதால், நிகழ்ச்சியின் பெயரை ஒரு தடவை அவ்வாறும் எழுதிவைப்பது நல்லது.

பின்னணியில் சினிமாப் பாட்டு ஒரு நிமிடம் போடலாமா? (ஒட்டுசுட்டான்)

வேண்டாம். எத்தனை விநாடி வரை போடலாம் என்று பலரும் சொல்லும் கணக்குக்குச் சட்டத்தில் இடமில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் பாடலைப் பாதுகாக்கிறது. யூடியூப் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். உங்கள் ஊர் உடுக்குக் கலைஞரிடம் அனுமதி பெற்று இருபது விநாடி பதிவு செய்யுங்கள். அது வேறு எந்த நிகழ்ச்சியிலும் இல்லாத அடையாளமாகவும் அமையும்.

எங்கள் நேயர்களில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் வெளியிடுவது? (முல்லைத்தீவு)

கோடையில் எமது மாலை 4.30 மணிக்கு ரொறன்ரோவில் காலை 7.00, லண்டனில் நண்பகல் 12.00. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்தள்ளுவதால், நீங்கள் மாலை 5.30க்கு வெளியிட்டால் அதே நேரங்கள் கிடைக்கும். ரொறன்ரோக்காரர் வேலைக்குப் போகும் வழியிலும், லண்டன்காரர் சாப்பாட்டு இடைவேளையிலும், இங்குள்ளவர் இரவுச் சமையலின்போதும் கேட்கலாம்.

மணியைவிட நாளும் மாதமும் முக்கியம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வருகிறது. கடல்நீரில் விளக்கெரியும் அந்த மரபைப் பற்றியோ, முல்லைத்தீவின் கோவலன் கூத்தைப் பற்றியோ நீங்கள் பேசுவதாக இருந்தால், பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னதாக வெளியிடுங்கள். வரமுடியாமல் வெளிநாட்டில் இருப்பவரின் மனம் அந்த நாட்களில் கோயில் வீதியில்தான் நிற்கும். அவர் கேட்பார், தன் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுவார். பொங்கல் முடிந்து ஒரு மாதத்தின் பின் அதே நிகழ்ச்சி வந்தால் அத்தனை பேர் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயைப் பேட்டி கண்டோம். அவர் அழும் அரை நிமிடத்தை வெட்டிப் போட்டால் நிகழ்ச்சி வேகமாகப் பரவும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

செய்யவேண்டாம். பரவும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தாய்மாரின் அழுகை எத்தனையோ கமராக்களுக்குள் போய்விட்டது. அவர்கள் சொல்ல வந்தது அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

நானும் ஒருமுறை அதைச் செய்தேன். ஒரு தாயின் பேட்டியிலிருந்து நாற்பது விநாடியை வெட்டி வெளியிட்டேன். அதுவரை என் நிகழ்ச்சிக்குக் கிடைக்காத எண்ணிக்கை வந்தது. சில வாரங்களின் பின் அவர் வீட்டுக்குப் போனபோது, அயல்வீட்டுப் பிள்ளையின் ஃபோனில் அதைப் பார்த்ததாகச் சொன்னார். கோபப்படவில்லை. "நான் அழுததை விட்டிருக்கிறியள் தம்பி, அவன்ர பேரை ஏன் எடுத்தனியள்?" என்று மட்டும் கேட்டார். மகனின் பெயரையும், அவனுடைய பள்ளிக்கூடத்தையும், அவன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் அவர் சொன்ன பகுதி நான் வெட்டி எறிந்த பக்கத்தில் இருந்தது. அந்தத் துண்டை அன்றே நீக்கினேன். நீக்கியதால் அது முற்றாக இல்லாமல் போய்விடவில்லை, பலரின் ஃபோன்களில் அது இன்னும் இருக்கும்.

அறிமுகத் துண்டு ஒன்று உங்களுக்கு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவர் மகனைப் பெயர் சொல்லி நினைவுகூரும் இடத்தை எடுங்கள். அல்லது அரசிடம் அவர் கேட்கும் கேள்வியை எடுங்கள். வெளியிடுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய், முழு நிகழ்ச்சியையும் அந்தத் துண்டையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எழுத்தில் ஒப்பம் வாங்கியிருந்தாலும் இது வேண்டும், ஏனெனில் பேசும்போது கொடுத்த சம்மதமும் தன் குரலைத் தானே கேட்ட பின்பு கொடுக்கும் சம்மதமும் ஒன்றல்ல. ஃபோனின் சிறிய ஒலிபெருக்கியில் அவருக்குச் சரியாகக் கேட்காமல் போகலாம். காதில் மாட்டும் பெரிய ஹெட்போன் ஒன்றைக் கொண்டுபோங்கள், அவசரப்படாமல் இருங்கள், எடுத்துவிடச் சொல்லும் இடத்தை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.