லாரி எஞ்சினில் 'டிக் டிக்' ஓசை: ஆயிலை மாற்றினால் அடங்குமா?

கேள்வி: எங்களிடம் 2008ஆம் ஆண்டு மாடல், ஆறு சிலிண்டர் டிரெய்லர் லாரி ஒன்று உள்ளது. மாதவரத்திலிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்கிறது. சில வாரங்களாக எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை வருகிறது. ஐடிலில் தெளிவாகக் கேட்கிறது. 15டபிள்யூ-40 ஆயில்தான் ஊற்றி வருகிறோம். புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் 20டபிள்யூ-50க்கு மாறச் சொல்லி, கூடவே ஆயிலில் கலக்கும் ஆடிட்டிவ் டப்பா ஒன்றையும் கொடுக்கிறார். எங்கள் ஓட்டுநரோ முழு சிந்தெடிக் ஆயில்தான் தீர்வு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– லாரி உரிமையாளர், மாதவரம்

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் வால்வு கவரைக் கழற்றி, டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) அளக்கச் சொல்லுங்கள். கனரக டீசல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்மின் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். வால்வு சூடேறி நீளும்போது அதற்கு இடம் வேண்டும் என்பதே காரணம். ராக்கரும் அதைத் தள்ளும் புஷ் ராடும் தேய்ந்தாலோ, லாக் நட் தளர்ந்தாலோ அந்த இடைவெளி கூடிவிடும். ராக்கர் ஒவ்வொரு முறையும் வால்வைத் தட்டும் ஓசைதான் உங்கள் காதில் விழுகிறது. எடுத்துக்காட்டாக, கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டரும் புகை வால்வுக்கு 0.51 மில்லிமீட்டரும் விட வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். எந்த ஆயிலின் படலமும் அவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்பாது.

ஓசையே கேட்கக் கூடாது என்று இடைவெளியை இறுக்கிவிடுவதும் ஆபத்து. புகை வால்வு முழுதாக மூடாமல் போனால், அதன் விளிம்பு எரிந்து, ஹெட்டையே இறக்க வேண்டிய செலவு வரும். என்னைக் கேட்டால், சற்றே ஓசை தரும் டேப்பட் ஓசையே தராத டேப்பட்டைவிட மேல்.

இடைவெளி சரியாக இருந்தும் ஓசை தொடர்ந்தால், தேட வேண்டிய இடங்கள் வேறு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தால் இதே போன்ற ஓசை வரும். குளிர்ந்த நிலையில் பலமாக இருந்து, சூடேறியதும் குறையும். இணைப்பின் ஓரத்தில் கரி படிந்திருக்கும். டீசலைத் தெளிக்கும் நாசிலில் கோளாறா என்று அறிய, பழைய மெக்கானிக்கல் பம்பு எஞ்சின்களில் மெக்கானிக்குகள் ஐடிலில் வைத்து நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எந்தச் சிலிண்டரில் ஓசை மாறுகிறதோ கோளாறு அங்கே. எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அதன் குழாய்களில் 1,000 பாருக்கு (ஒரு பார் ஏறத்தாழக் காற்றுமண்டல அழுத்தம்) மேல்கூட எட்டக்கூடிய அழுத்தத்தில் டீசல் நிற்கிறது, பீறிட்டால் தோலைத் துளைத்துவிடும்.

பேரிங் ஓசையைப் பிரித்தறிய ஒரு கணக்கு உண்டு. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுழலும்; ஆகவே 600 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு வால்வு நொடிக்கு 5 முறை தட்டும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தாலோ அது 10 முறை வரை தட்டும். பேரிங்கின் ஓசை கீழிருந்து, கனமாக, லோடு ஏற ஏறப் பெருகி வரும். அதனுடன் ஆயில் பிரஷரும் இறங்கியிருந்தால், லாரியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

இனி ஆயில். 15டபிள்யூ என்பதில் உள்ள எண் குளிரில் எஞ்சினைக் கிளப்புவதற்கானது. மைனஸ் 20 டிகிரியில் சோதித்துத் தரப்படுவது. சென்னையின் மார்கழிக் குளிர் அதன் பக்கத்தில்கூட வராது என்பதால், குளிரில் எளிதாக ஓடும் சிந்தெடிக் ஆயிலின் சிறப்பு உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. 40 என்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரையிலான கெட்டித்தன்மை. 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. கெட்டி ஆயில் ஓசையைச் சற்று மழுக்கும் என்பது உண்மையே. ஆனால் காலையில் கிளப்பியதும் ராக்கரை எட்டத் தாமதிக்கும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், நீங்கள் கவனிக்க வேண்டிய கோளாறையும் மறைத்துவிடும். கையேடு அனுமதித்தாலொழிய மாறாதீர்கள். உங்கள் கால எஞ்சினுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த சிஐ-4 தரம் பொருந்தும். 2016இல் வந்த சிகே-4 ஆயிலையும் ஊற்றலாம். புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரமான பிஎஸ்-6 லாரியும் வைத்திருந்தால், அதற்குச் சாம்பல் குறைவான சிகே-4 போன்ற தரமே வேண்டும். இல்லாவிட்டால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆடிட்டிவ் டப்பாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கலவை, அழுக்கை அகற்றும் பொருள்கள் எல்லாமே நல்ல ஆயிலில் அளவோடு முன்னரே கலந்திருக்கின்றன. வெளியிலிருந்து எதையாவது ஊற்றினால் அந்த அளவுதான் கெடும். கெட்டியாக இருக்கும் ஆடிட்டிவ் வகைகள் ஆயிலைத் தடிமனாக்குவதைத் தவிரப் பெரிதாக எதையும் செய்வதில்லை.

உங்கள் தடத்தைப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் எழுகிறது. எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசையில் மணிக்கணக்காக ஐடிலில் நிற்கும் லாரிக்குக் கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் கெட்டுக்கொண்டே போகும்; நாசில் ஒழுகினால் டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடும். ஆயில் ஸ்டிக்கில் அளவு தானாக ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் நாசிலைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். இனிமேல் கிலோமீட்டரோடு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் எழுதி வைத்து, அதைக் கொண்டு ஆயில் மாற்றுவது நல்லது.

கேள்வி: எனது சிறிய சரக்கு வண்டியில், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறது. காலையில் கிளப்பியதும் சில நொடிகள் மட்டும் 'டிக் டிக்' என்று கேட்டு அடங்கிவிடுகிறது. உட்புறக் கசடைக் கழுவும் எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இரவில் வண்டி நிற்கும்போது டேப்பட்டிலிருந்து ஆயில் வடிந்து, காலையில் மீண்டும் நிரம்பும் வரை வரும் ஓசை இது. மலிவான ஆயில் ஃபில்டர்களில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு சரியாக மூடாது. முதலில் நிறுவனத்தின் அசல் ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள். ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் பிசின் படிந்திருந்தால் புதிய ஆயில் அதைக் கரைக்க உதவும் என்பதால், அடுத்த இரண்டு ஆயில் மாற்றங்களை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் செய்யலாம். பல ஆண்டு கசடு படிந்த எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்ற வேண்டாம். பெயர்ந்து வரும் கசடு சம்ப்பின் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) சல்லடையை அடைத்து ஆயில் பிரஷரையே நிறுத்திவிடக்கூடும்.